வீட்டுக்கு வந்த குழு விதிகள்

இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் 'மண்டு' என்று சொல்லக் கூடாது என்று கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் நிறைவேற்றினார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்கிறவர், இன்னொருவர் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். தீர்மானம் கொண்டுவந்தது யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது அவருடைய பிழைப்பு. பெருமையெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. வெளிநாட்டில் குடியேறியவர்களும் குடியேறத் துடிப்பவர்களும் விசா சந்தேகம் கேட்கிற இணையக் குழு ஒன்றுக்கு அவர் நெறியாளர். அங்கே அவர் பெயர் 'நிதானம்'. "இதுகூடத் தெரியாமலா விமானம் ஏறினீர்கள்?" என்று யாராவது பதில் போட்டால் போதும், நிதானம் வந்து நிற்பார். முதலில் எச்சரிக்கை, அப்புறம் ஒரு வாரம் வாய்ப்பூட்டு. எந்தப் பதிலும் 'நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி' என்றுதான் தொடங்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆயிரக்கணக்கான பேர் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வீட்டில் ஒருத்திதான் கட்டுப்படவில்லை.

தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு திட்டமும் இருந்தது. இவர்களும் வெளிநாட்டில் குடியேறியவர்கள்தான்; ஊரிலிருந்து மாமியார் வரப்போகிறார். விசா விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். எத்தனை மாதம் என்பதுதான் தகராறு. இவர் மூன்று என்றார், மனைவி ஆறு என்றாள். மாமியார் நல்ல மனுஷி, அதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வந்தால் கணினி இருக்கிற சின்ன அறை அவருக்குப் போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு ஆயிரம் பேரை ஆளுகிற அறை! அது போனால் நிதானமே போய்விடும்.

வழக்கம்போல வாதாடினால் தோல்வி நிச்சயம். மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வந்துவிட்டால் மனைவியின் பாதி ஆயுதம் பறிபோகும். மீதி விவாதத்தை நெறியாளர் என்கிற முறையில் இவரே பூட்டிவிடலாம். கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை.

"ஏம்மா, நம்ம குழு விதியெல்லாம் இன்னையிலேருந்து வீட்டுலயும் இருக்கட்டுமே."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வலியில் கத்திக்கொண்டு வருகிறவர்களைக்கூடச் சிரித்தே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள்.

"எல்லா விதியுமா?"

"ஒண்ணு விடாம."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நெறியாளர்ம்மா நான். நானே மாறுவேனா?"

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக 'சரிங்க' வந்தபோதே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கோட்டைவிட்டார்.

"என் சாம்பல் கலர் சாக்ஸ் எங்கே?"

"நல்ல கேள்வி, கேட்டதுக்கு நன்றி. ஆனா இது ஏற்கெனவே பல தடவை கேட்ட கேள்வி. புதுசா கேக்கறதுக்கு முன்னாடி பழைய பதிலைத் தேடிப் பாருங்க."

அது அவர் எழுதிய விதிதான். ஒரு எழுத்து பிசகவில்லை. வெறுங்காலோடு வந்து காபியை எடுத்தார்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி. கொதிக்கிறப்பவே போட்டா..."

"சொந்த அனுபவம் இல்லாத விஷயத்தில ஆலோசனை சொல்லக் கூடாது. நீங்க எப்பங்க காபி போட்டிருக்கீங்க?"

"இல்லம்மா, எங்க கடையில ஒருத்தர் சொன்னாரு..."

"காதால கேட்டதை வச்சுப் பதில் போடறதும் தப்பு. முதல் எச்சரிக்கை."

கண்ணாடிக்காரருக்கு வியர்த்தது. இருந்தாலும் பிடி விடவில்லை. கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, விண்ணப்பத்தைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அத்தை விஷயத்துக்கு வருவோம். ரெண்டு பக்கமும் மரியாதையா பேசியாச்சு. நெறியாளர்ங்கிற முறையில மூணு மாசம்னு முடிவு பண்றேன். விவாதம் பூட்டப்பட்டது."

"தனக்குச் சம்பந்தமுள்ள விவாதத்தை நெறியாளர் பூட்டக் கூடாது. இது யார் எழுதினது?"

"...நான்தான்."

சக நெறியாளர் ஒருவர் தன் மச்சானைக் காப்பாற்ற ஒரு விவாதத்தைப் பூட்டியபோது, கொதித்துப்போய் இவர் எழுதிய விதி அது. எழுதிய அன்றைக்கு மனைவியிடம் வாசித்துக் காட்டிப் பாராட்டும் வாங்கியிருந்தார்.

"அப்ப இதுக்கு என்னதான் வழி?"

"பழைய பதில் இருக்கான்னு குழுவுல தேடணும். 'மாமியார்'னு போட்டுப் பாருங்க."

போட்டார். 'பொறுமைசாலி' என்று ஒருவர் கேட்டிருந்தார்: 'மாமியாரை அழைக்கிறோம். மூன்று மாதம் போதும் அல்லவா?' கீழே நிதானம் பதில் எழுதியிருந்தார்: 'நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி. நண்பரே, அத்தனை தூரம் வருகிற பெரியவரை அரைகுறையாகத் திருப்பி அனுப்ப மனசு வருமா? ஆறு மாதமே கேளுங்கள். இடமில்லை என்றால் உங்கள் அறையைக் கொடுங்கள். மனைவி முகத்தில் வருகிற சந்தோஷத்துக்கு முன்னால் ஓர் அறை என்ன பெரிது?'

அதற்கு விழுந்திருந்த இதயக் குறிகளைப் பார்த்து, எல்லாருக்கும் பயன்படட்டும் என்று குழுவின் தலைமாட்டிலேயே அதை ஒட்டி வைத்ததும் அவர்தான்.

"அது... யாரோ அடுத்தவங்களுக்குச் சொன்னது."

"அடுத்தவங்க இல்லீங்க. பொறுமைசாலி நான்தான்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயா? என்கிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. 'பார்க்கலாம்'னீங்க. அதுக்கு முன்னாடி 'உம்'னீங்க." மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "அங்க முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் எவ்வளவு தன்மையா சொல்றீங்க! தினமும் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து ஒண்ணு விடாம படிப்பேன். எனக்கும் அப்படி ஒரு பதில் வேணும்னு ஆசையா இருந்தது. அதான் நானும் வரிசையில வந்து நின்னேன்."

அவருக்கு உள்ளே என்னவோ இளகிவிட்டது. ஆயிரம் பேர் கைதட்டலுக்காக எழுதியதையெல்லாம் ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவள் மேல் பிரியமாக இருந்தது. மறுபேச்சுப் பேசாமல் விண்ணப்பத்தில் ஆறு மாதம் என்று போட்டு அனுப்பினார்.

"மண்டு," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் எச்சரிக்கை கொடுக்கவில்லை.

அப்போது கணினி சிணுங்கியது. குழுவில் புது உறுப்பினர் ஒருவரின் முதல் கேள்வி.

"அம்மாவா இருக்கும்," என்றாள் மனைவி. "நான்தான் சேரச் சொன்னேன். நேத்து நீங்கதானே 'வருக வருக'ன்னு அனுமதி குடுத்தீங்க."

கேள்வி இப்படி இருந்தது: 'மருமகன் தன் அறையையே எனக்குத் தரப்போவதாக இந்தக் குழுவில் படித்துத் தெரிந்துகொண்டேன். தங்கமான பிள்ளை. அவர் மனசு நோகக் கூடாது. ஆறு மாதத்தை ஒரு வருடமாக நீட்டிக்க வழி உண்டா?'

நிதானம் தட்டினார்: 'நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி.'