மச்சான் இல்லாத கல்யாணப் படம்

இந்தச் சாரல் சீசன் முடிவதற்குள் மச்சானை ஹாலைவிட்டு வெளியேற்றியே தீருவது என்று குற்றாலீஸ்வரன் முடிவு கட்டினார்.

பதற வேண்டாம். மச்சான் பரமசிவன் ஹைதராபாத்தில் சௌக்கியமாக இருக்கிறார். மேலகரம் வீட்டு ஹாலில் இருப்பது அவருடைய படம்தான். அதுகூட அவருடைய படம் அல்ல, குற்றாலீஸ்வரனின் கல்யாணப் படம். ஒரு பக்கம் மணப்பெண் குழல்வாய்மொழி. நடுவில் மாப்பிள்ளை குற்றாலீஸ்வரன், அந்தக் காலத்தில் ஊதினால் பறக்கிற உடம்பு. மறுபக்கம், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த பெண்ணின் அண்ணன், காதுவரைக்கும் மீசை, மாப்பிள்ளையின் தோளில் உலக்கை மாதிரி ஒரு கை.

கல்யாண ஆல்பம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஒரு சாரலில் பரணில் ஓதம் ஏறி, பூஞ்சை பிடித்து, தாலி கட்டியது, அம்மி மிதித்தது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போனது. மிஞ்சியது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த இந்த ஒரே படம்தான். அதிலும் மச்சான்!

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மீசையைத்தான் பார்ப்பார்கள். அதை அவர் பொறுத்துக்கொண்டுதான் வந்தார். போன வாரம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மாரித்தாய் மோர் வாங்க வந்து, படத்தின் முன்னால் நின்று கன்னத்தில் கை வைத்தாள்.

"அக்கா, இது ஒங்க கல்யாணப் படமா? மாப்ள என்ன கெம்பீரமா இருக்காவ! நடுவுல நிக்க இந்த நோஞ்சான் யாரு, தம்பியா?"

கழுத்தில் ஆள் கனத்துக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? குழல்வாய்மொழி சிரித்த சிரிப்பில் மோர்ச் செம்பு கீழே விழுந்தது. அண்ணன் பெருமை பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அவள் விட மாட்டாள். கையில் அகப்பையோடு அன்றைக்கும் அரை மணி நேரம் பேசினாள்.

இந்த இடத்தில் பெயர்ப் பொருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். குற்றாலத்துச் சுவாமி பெயரும் அம்பாள் பெயரும் தானாக அமைந்துவிட்டதே என்று மகிழ்ந்துபோய், ஜாதகம்கூடப் பார்க்காமல் முடித்த கல்யாணம் அது. கோயிலில் எப்படியோ, இந்த வீட்டில் அம்பாள் வைத்ததுதான் சட்டம். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற குற்றாலீஸ்வரனுக்குச் சட்டத்தை மீறிப் பழக்கமில்லை. அதனால் தந்திரத்தில் இறங்கினார்.

மறுநாளே தென்காசிக்குப் போய் ஒரு பெரிய பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, கிரைண்டரா?"

"பிரிண்டருட்டி! போட்டோ அடிக்க மெஷின். நம்ம மக அபி பிள்ளை படமா அனுப்புதாள்லா, எல்லாம் போனுக்குள்ளயே கெடக்கு. பேரனச் செவுத்துல மாட்டிப் பாக்கணும்னு ஆசை வந்துட்டு."

"ஸ்டூடியோவுல குடுத்தா சாயங்காலமே தந்திருவானே?"

"நம்ம குடும்ப விஷயம் நம்ம வீட்டோட இருக்கணும் குழலு."

"ரெண்டு பல்லு மொளைச்ச பய மூஞ்சில என்னங்க குடும்ப ரகசியம்?"

அவர் குனிந்து தெர்மாகோலை உடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த சில நாட்கள் வீடு பட்டறையாகிவிட்டது. மை ஊற்றும்போது சிவப்பு வேட்டியில் சிந்தியது, நீலம் சட்டையில் சிந்தியது, மஞ்சள் எப்படியோ தாடையில் ஏறியது. பேரனின் முதல் படம் வெளியே வந்தபோது பயல் பச்சையாக இருந்தான். "என்ன இருந்தாலும் நம்ம பிள்ளதானே" என்று குழல்வாய்மொழி அதையும் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

மிச்சப் பாடத்தை அவர் யூடியூபில் படித்தார். காது கொஞ்சம் மந்தம். காதுக்குள் எதையும் சொருகிக்கொள்வதும் பிடிக்காது. ஆகவே போன் தொண்டை கிழியக் கத்தியது. "நண்பர்களே, உங்க பழைய போட்டோவுல வேண்டாத ஆள் யாராவது நிக்கிறாங்களா? கவலையே படாதீங்க, விரலால் ஒரு தடவு தடவுங்க!" இது மாடியில் மாரித்தாய்க்குக் கேட்டது, தெருமுனைத் தேங்காய்க் கடைக்குக் கேட்டது. கடுகு தாளித்துக்கொண்டிருந்த அடுக்களைக்குக் கேட்டிருக்குமோ என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

நல்ல நாள் ஒன்று வாய்த்தது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று குழல்வாய்மொழி மாரித்தாயைக் கூட்டிக்கொண்டு குளிக்கப் போனாள். பஸ் ஏறியிருப்பாள் என்று தோன்றியதும் குற்றாலீஸ்வரன் கதவைத் தாழ்போட்டார். ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கினார், சட்டத்தின் ஆணிகளைக் கழற்றினார், பிரிண்டர் மூடியைத் தூக்கிக் கண்ணாடிமேல் படத்தைக் கவிழ்த்தார், பொத்தானை அமுக்கினார். படம் போனுக்குள் வந்துவிட்டது. விரலால் மச்சானைத் தடவினார்.

என்ன ஆனந்தம்! தோள் போனது, மார்பு போனது, முகம் போனது. மீசை மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று அடம்பிடித்தது. அதையும் தேய்த்துத் தேய்த்து ஒழித்தார். கடைசியில் பார்த்தால், தன் தோளில் நாலு விரல் பாக்கி! ஆள் போயும் பிடி விடவில்லை. விரலை அழித்தால் சட்டையும் சேர்ந்து போனது. யோசித்து யோசித்து, மாலையில் கொஞ்சம் ரோஜாப் பூவை எடுத்து விரல்கள்மேல் ஒட்டினார். மாப்பிள்ளை மாலை தோள்பட்டையில் தனியாகப் பூத்தது. பரவாயில்லை.

அச்சடித்தார். தாளைப் புறம் மாற்றி வைத்துவிட்டதால் மை வழவழவென்று வழிந்து, மணப்பெண் முகம் அவர் கட்டைவிரலோடு வந்துவிட்டது. பளபளப்புப் பக்கத்தைத் திருப்பி வைத்து மறுபடி அடித்தார். சாரல் காற்றில் எதுவும் சட்டென்று காயாது. மின்விசிறிக்குக் கீழே பிடித்து, போதாதென்று வாயாலும் ஊதி, பக்குவமாகச் சட்டத்துக்குள் சொருகி மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

படத்தில் இரண்டே பேர். அவரும் அவளும்.

இத்தனை வருஷம் மீசையையே முறைத்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் நிற்கிற பெண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லையே! எவ்வளவு சின்னப் பெண்! தலை குனிந்து, யாருக்கும் தெரியாமல் ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாள். இவள்மேல் கொண்ட ஆசையில்தான் இவ்வளவும் செய்தேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி உண்மைதான்.

குழல்வாய்மொழி ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். கிட்டப் போயும் பார்த்தாள்.

"தொடைச்சீயளா? பளிச்சுனு இருக்கு."

"ஆமா, ஒரே தூசி."

"நல்லாத் தொடைச்சிருக்கீய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜெயித்தாயிற்று! குற்றாலீஸ்வரனுக்கு நடையே மாறிவிட்டது. சாயங்காலம் மாரித்தாய்க்கு ஆதார் கார்டு நகல் வேண்டும், நானே மெஷினில் எடுத்துத் தரட்டுமா என்று மனைவி கேட்டபோது, "மூடியத் தூக்கு, கார்ட வையி, பொத்தான அமுக்கு, அம்புட்டுத்தான்" என்று பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மூடியைத் தூக்கினால் அங்கே என்ன கவிழ்ந்து கிடக்கும் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் போன் வந்தது. பேசி முடித்த குழல்வாய்மொழி முகம் மலர்ந்து சொன்னாள்: "அண்ணன் சாரலுக்கு வாராவளாம். நாளைக்குக் காலைல தென்காசில எறங்குதாவ."

குற்றாலீஸ்வரன் சுவரைப் பார்த்தார். வந்த மனுஷன் ஹாலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாரே! பழைய படத்தை எடுத்து மாட்டிவிட வேண்டியதுதான். எங்கே வைத்தோம்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மூடியைத் தூக்கினார். கண்ணாடி சுத்தமாக இருந்தது. அவருடைய முகம்தான் தெரிந்தது.

"குழலு, மெஷினுக்குள்ள ஏதாச்சும் கெடந்துச்சா?"

"என்ன கெடக்கணும்?"

"ஒண்ணுமில்ல. ஒரு பேப்பரு."

"என்ன பேப்பரு?"

"சும்மா, வெறும் பேப்பரு."

"வெறும் பேப்பருக்கா இப்படி வேர்க்குது? வெளிய சாரலு அடிக்கி, நீங்க குளிச்சவுக மாதிரி நிக்கீய."

மேற்கொண்டு கேட்டால் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பரண், மெத்தைக்கு அடி, அரிசி டிரம் வரைக்கும் தேடினார். கிடைக்கவில்லை. மச்சானை ஹாலுக்குள் விடாமல் பார்த்துக்கொள்வது என்று விடிகாலையிலேயே ஸ்டேஷனுக்குப் போனார்.

"மச்சான், அருவில கூட்டம் சேர முன்ன நேரா குளிக்கப் போயிருவோமா?"

"தங்கச்சி கையால ஒரு வாய் காப்பி குடிக்காம என்ன குளி மாப்ள? வீட்டுக்கு விடச் சொல்லுங்க ஆட்டோவ."

மீசை நரைத்திருந்தது, நீளம் குறையவில்லை. ஹாலுக்குள் நுழைந்த பரமசிவன், பெட்டியைக் கீழே வைத்தார். அண்ணாந்தார். குற்றாலீஸ்வரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். பட்டாளத்துக்காரர் அழுதுகொண்டிருந்தார்.

குற்றாலீஸ்வரன் மறு கண்ணையும் திறந்து சுவரைப் பார்த்தார். அங்கே கல்யாணக் கோலத்தில் குழல்வாய்மொழி நின்றாள். பக்கத்தில் பரமசிவன் நின்றார். அந்த உலக்கைக் கை இப்போது ஆசீர்வாதம் மாதிரி தங்கையின் தோளில் இருந்தது. நடுவில் நின்ற மாப்பிள்ளையைக் காணோம். வேலை அவ்வளவு சுத்தம். ஒரு விரல் மிச்சமில்லை, ஒரு பூ அதிகமில்லை.

"ஏட்டி குழலு, மாப்ளைய எங்க காணோம்?"

காப்பியோடு வந்த குழல்வாய்மொழி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அவுகதான் மெஷின் வாங்கினாவ, அவுகதான் கதவச் சாத்திட்டு உக்காந்து வெட்டுனாவ. 'இந்தப் படத்துல ஒரு ஆளு அதிகம்'னு அவுகளுக்கு ரொம்ப நாளா உறுத்தல் அண்ணே."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. குற்றாலீஸ்வரன் எதைச் சொல்லி மறுப்பது?

"மாப்ள!" பரமசிவன் அவரை அள்ளி அணைத்தார். எலும்பு நொறுங்கியது. "எனக்கும் தங்கச்சிக்கும் ஒரு படம்கூடச் சேந்தாப்புல இல்லியேன்னு நான் கவலப்பட்டது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க! அதுக்காக ஒங்க கல்யாணப் படத்துல இருந்து ஒங்களையே எடுத்துட்டீயளே! ஒரு வாரத்துல போயிருவோம்னுதான் வந்தேன். இப்பிடி ஒரு மாப்ளைய விட்டுட்டுப் போவ மனசு வருமா? சாரலு முடியுதமட்டும் நான் இங்கனதான்!"

குற்றாலீஸ்வரன் அடுக்களைக்குள் புகுந்தார்.

"ஏட்டி, எப்படிச் செஞ்ச?"

"விரலால ஒரு தடவு தடவுனேன், நண்பர்களே" என்றாள் அவள், அச்சு அசல் அந்த யூடியூப்காரன் குரலில். "நீங்க பாடம் படிச்சப்ப நானும்தான் கூடப் படிச்சேன். தாளு எந்தப் பக்கம்னு ஒங்களப் பாத்துப் படிக்கல. அபிகிட்டக் கேட்டுக்கிட்டேன். நீங்க ஸ்டேஷனுக்குப் போன நேரத்துல மாட்டிட்டேன்."

"என்னை வெட்ட மனசு வந்துச்சா ஒனக்கு?"

அவள் அவர் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போய் பீரோவைத் திறந்தாள். கதவின் உட்புறம், தினமும் சேலை எடுக்கிறபோது கண்ணில் படுகிற உயரத்தில், அவர் அச்சடித்த படம் ஒட்டியிருந்தது. இரண்டே பேர், தோளில் கள்ளப் பூவோடு. அதற்குக் கீழே பழைய படம் பட்டுச்சேலை மடிப்புக்குள் பத்திரமாக இருந்தது.

"ஹால் ஊருக்கு. இது எனக்கு" என்றாள். முகம் படத்தில் இருந்த சின்னப் பெண்ணின் முகமாகிவிட்டது. "ஆசையா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? எங்க அண்ணன எதுக்குக் கொல்லணும்?"

அவருக்குக் கண் கலங்கியது. தோற்றதைக்கூட மறந்துவிட்டார். இந்தப் பீரோவுக்குள் குடியிருந்தாலே போதும் என்று தோன்றியது.

"மாப்ள!" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "அதே படத்துல இன்னொண்ணு பெருசா அடிங்க. ஹைதராபாத் வீட்டுக்கும் மாட்டணும்!"

ஆக, இரண்டு மாநிலங்களில் தன் கல்யாணத்துக்குத் தானே வராதவராகக் குற்றாலீஸ்வரன் பிரிண்டர் முன்னால் குந்தினார். கையெல்லாம் மை. அந்த நேரம் பார்த்து, பரமசிவனோடு பட்டாளத்தில் இருந்த வேல்சாமி அச்சன்புதூரிலிருந்து சிநேகிதரைப் பார்க்க வந்து சேர்ந்தார். சுவரில் இருந்த படத்தை ரசித்தார். "அண்ணனும் தங்கச்சியும் என்ன பொருத்தம்!" என்றார். பிறகு கீழே குந்தியிருந்தவரைக் கவனித்தார்.

"பரவால்லியே, ஸ்டூடியோக்காரவுகள வீட்டுக்கே வரவச்சிட்டீயளா? அண்ணாச்சி, அப்படியே எனக்கும் பாஸ்போர்ட் சைஸ்ல கொஞ்சம் அடிச்சுக் குடுங்க."

குற்றாலீஸ்வரன் நிமிர்ந்து அடுக்களை வாசலைப் பார்த்தார். குழல்வாய்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பின்னால நீலமா இருக்கட்டுமா, வெள்ளையா இருக்கட்டுமாண்ணே?" என்றார் அவர்.