பந்தி நைனாவும் ஆஸ்பத்திரி மீன் குழம்பும்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை குருவி வேலைக்கு விமானம் ஏறியவர்களில், போன இடத்தில் இளைக்காமல் ஒரு சுற்று பெருத்துத் திரும்பிய ஒரே ஆள் பந்தி நைனாதான். கல்யாண வீடுகளில் முதல் பந்தி, முதல் இலை அவருடையது. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்.

குருவி என்றால், வியாபாரிகளின் சரக்கைச் சுமந்து மலேசியா போய், அங்கிருந்து வேறு சரக்கோடு திரும்புகிறவன். சாப்பாட்டுச் செலவுக்குத் தருவது சொற்பம். நான் குருவியாகப் போன முதல் தடவை, அங்கே லாட்ஜ் அறையில் வெந்நீர் ஊற்றிய கப் நூடுல்ஸோடு உட்கார்ந்திருந்தேன். நைனா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, மண்புழு குளிச்சிகினு கீது? எயிந்து வா. இந்த ஊர்ல நல்ல சோறு எங்க கீதுன்னு காட்றேன்."

கூட்டிப்போன இடம் அரசாங்க ஆஸ்பத்திரி கேன்டீன்.

"ஓட்டல்காரன் நாக்குக்குப் போடுவான். இங்க நோயாளி வூட்டு ஜனத்துக்குப் போடறாங்கோ. வெலையும் கம்மி, வயித்துக்கும் பேஜார் இல்ல. மூஞ்ச மட்டும் சோகமா வெச்சிக்க."

பரிமாறியவர் கமலாக்கா என்ற தமிழ்ப் பெண். "யாருக்குங்க உடம்பு முடியல?" என்று கேட்டார்.

நைனா கண்ணைத் துடைத்தார். "தம்பிக்கும்மா. பொயப்புக்கு வந்த எடத்துல..."

தட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது.

அடுத்த பயணத்தில் மச்சான். அதற்கடுத்து சகலை. போன தடவை படுத்திருந்தவர் என்ன ஆனார் என்று கமலாக்கா கேட்டால், நைனா வானத்தைக் காட்டுவார். அவருடைய ஊரான காலடிப்பேட்டையிலிருந்த சொந்தத்தில் பாதியை அந்த ஆஸ்பத்திரியிலேயே சாகடித்துவிட்டார்.

"வரிசையா சாவடிக்கிறியே, இன்னா மனுஷன் நைனா நீ?" என்றேன்.

"அவனுங்கோ ஊர்ல நல்லா துன்னுகினுதானடா கீறானுங்கோ. நா சொன்னதால ஒரு முடி கொறஞ்சிச்சா?"

ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, "கொயம்பு இன்னும் கொஞ்சம் கேளுடா" என்றார். நான் கிண்ணத்தோடு திரும்பியபோது மேசைமேல் சாய்ந்து கிடந்தார். டாக்டர்கள் கேன்டீனுக்கே ஓடி வந்தார்கள். பலனில்லை. மாரடைப்பு.

பிணவறை வாசலில் கமலாக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உடம்ப வாங்கிக்க இவருக்கு யாருமே மிச்சமில்லையே தம்பி" என்று அழுதார். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அப்போ அந்தத் தம்பி உயிரோட இருக்காரா?"

"ராயபுரத்துல மீனு ஏலம் வுட்டுகினு கீறாருக்கா."

"மச்சான்? சகலை?"

"அவங்களுந்தான்."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தார். "ஒவ்வொருத்தருக்கும் கோயில்ல வெளக்கு போட்டேன்." பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதார்.

காகிதமெல்லாம் சரியாகிப் பெட்டி ஊர் வந்து சேரப் பல நாளானது. காலடிப்பேட்டையில் தம்பியும் மச்சானும் சகலையும் அதைத் தூக்கி இறக்கினார்கள். நைனாவின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"துன்னுட்டுத்தான் போனாரா?"

"துன்னுகினு இருந்தாருக்கா. மீன் கொயம்பு. ரெண்டாந்தபா கேட்டாரு."

"நல்லா இருந்தாத்தான் கேப்பாரு."

அவர் அழவில்லை. நானும் அதுவரை அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, பெற்ற பிள்ளையைக் கேட்பதுபோல், "நீ துன்னியா நைனா?" என்றார்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.