சட்டியண்ணனுக்கு ஒரு சீட்டு

களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை சலித்தெடுத்தாலும் சட்டியண்ணனைப் போல இன்னொரு ஆள் அகப்படமாட்டார். கை நீட்டினால் தொடும் தூரத்து நாற்காலியில் இருந்துகொண்டு, ஒன்றரை வருடம் என்னிடம் உண்ணியப்பச் சட்டி வழியாகவே பேசியவர் அவர்.

நாகர்கோவிலில் எங்களுடையது ஒன்பது பேர் கொண்ட மென்பொருள் அலுவலகம். ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்கு என் வேலை என்னவென்று இன்றுவரை விளங்கவில்லை. சம்பளம் வருவதால் நல்ல வேலை என்று நம்புகிறார். சேர்ந்த அன்று பக்கத்து நாற்காலியைப் பார்த்து "அண்ணே" என்றேன். அவர் தலையில் கை வைத்துவிட்டார்.

"லேய் மக்கா, ஒத்தக் கூப்பிடுல காலையில இருந்து நெனச்சது அம்புட்டும் போச்சே! இனி கூப்பிடாத. எழுதிப் போடு. கை ஒழியும்போ எடுப்பேன்."

மறுநாள் எங்கள் மேசைகளுக்கு நடுவே சட்டி வந்துவிட்டது. பணியாரச் சட்டி மாதிரி, சுற்றி ஆறு குழி. சிவப்புப் பொத்தான் என்னுடையது, நீலம் அவருடையது. நான் சிவப்பு நிற்கும் குழியில் சீட்டைப் போட்டுவிட்டுச் சிவப்பை அடுத்த குழிக்கு நகர்த்த வேண்டும். அவர் நீலம் நிற்கும் குழியின் சீட்டைப் படித்துவிட்டு நீலத்தை நகர்த்துவார். படித்த சீட்டு அங்கேயே கிடக்கும். சிவப்பு சுற்றி அங்கே வரும்போது நான் பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும்.

"அஞ்சுதான் போடணும், கேட்டியா. ஒரு குழிய விட்டிரணும்."

"அது எதுக்குண்ணே?"

"ரெண்டு பொத்தானும் ஒரே குழியில நின்னா சட்டி காலி. ஆறும் போட்டாலும் ஒரே குழியிலதான் நிக்கும். நெறஞ்சதா காலியான்னு எனக்கு எப்பிடிடே தெரியும்?"

நிறைந்திருந்தால் காத்திருக்க வேண்டும். ஏசி தண்ணீர் அவர் தோளில் சொட்டுவதைச் சொல்ல இடமில்லாமல் ஒருமுறை அரைமணி நேரம் நின்றேன். அண்ணன் நனைந்துகொண்டே தட்டச்சு செய்தார்.

வாழைக்குலை மண்டிக்காக நான் எழுதிய நிரல் சந்தி சிரித்ததும் அந்த நாட்களில்தான். அதற்குள்ளே இரண்டு வேலையாட்கள், த்ரெட் என்போம். ஒருவன் தராசிலிருந்து எடையை வாங்கிப் பொது இடத்தில் வைப்பான், மற்றவன் எடுத்துப் பதிவு செய்வான். எங்கள் சட்டியேதான். ஆனால் எப்போதாவது புதுக்குலைக்குப் பழைய குலையின் எடை பதிவாகிவிடும்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாக்கு தம்பி. இல்லன்னா வேற எடம் பாத்துக்க" என்றார் மேனேஜர். எனக்கு வேறு இடம் என்றால் அப்பாவோடு ரப்பர் தோட்டம்தான்.

வியாழக்கிழமை. பதற்றத்தில் சிவப்பை முதலில் நகர்த்திவிட்டுப் பேனா தேடிப் போனேன். திரும்பினால் அண்ணனைக் காணோம். கொஞ்ச நேரத்தில் கையில் கேக்கோடு வந்தார். சிவப்பு நகர்ந்ததைக் கண்டு, குழியில் கிடந்த, ஏற்கெனவே படித்து முடித்த திங்கட்கிழமைச் சீட்டையே மறுபடி படித்திருக்கிறார்: 'மேனேஜருக்குப் பிறந்தநாள், கேக் வாங்கணும்.'

"என்னடே, எனக்கு வாரத்துக்கு ரெண்டு வயசு கூடுதா?" என்றார் மேனேஜர்.

அண்ணன் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். "பொத்தான மொதல்ல தள்ளினியாலே? சீட்டப் போட்டுட்டுலா தள்ளணும்!"

நான் என் திரைக்கு ஓடினேன். என் நிரலும் எடையை வைக்கும் முன்பே, பொத்தான் மாதிரியான தன் குறியை நகர்த்திக்கொண்டிருந்தது. இரண்டு வரிகளை இடம் மாற்றி, முதலில் எடை, பிறகே குறி என்ற முறை புரளாதபடி கட்டினேன். வெள்ளிக்கிழமை மண்டியில் ஒரு குலைகூடப் பிசகவில்லை.

'வேலை தப்பிச்சு. உங்களாலதாண்ணே' என்று சீட்டு எழுதினேன். சட்டியில் இடமில்லை. 'ஃபேன் கத்துது', 'மத்தியானம் மீனா?' என்று நானே போட்ட ஐந்து கிடந்தன. அண்ணன் அன்று லீவு. திங்களன்று ஒழியும் என்று காத்திருந்தேன்.

திங்களன்று நாற்காலி மட்டும்தான் இருந்தது. "மஸ்கட்ல வேலையாம். விசா திடீர்னு வந்துட்டு" என்றார் மேனேஜர். போனில் நான் அனுப்பிய செய்தி இன்றும் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கில் நிற்கிறது.

சட்டி இப்போது என் மேசையில். நீலப் பொத்தான் நின்ற குழியிலேயே நிற்கிறது. சிவப்பு நிற்கும் குழி ஒன்று மிச்சம், அதில் போட்டுவிடலாம்தான். போட்டு நகர்த்தினால் சிவப்பு நீலத்தின் குழியிலேயே போய் நிற்கும்; என்றாவது வந்து பார்க்கும் அண்ணன், சட்டி காலி என்று நினைத்துப் போய்விடுவார். சீட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.