மின்சாரப் பெட்டியைத் தர மாட்டேன், மாப்பிள்ளை

ஸ்கூடாய்,
வெள்ளிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சயீத் அவர்களுக்கு, உங்கள் மாமி காதர் பீவி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் மாமாவும் சாப்பாட்டுக் கடையும் நலம். பெக்கான் நானாஸில் நீங்களும் என் மகள் ஷாஸியாவும் பேரன் அஹ்னாஃபும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். ஆனால் நீங்கள் செய்யப்போவதாகக் கேள்விப்பட்ட காரியத்துக்கு மட்டும் துஆ செய்ய மாட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக்கைக் காட்டிவிட்டுக் கம்மென்று இருந்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதி, அன்னாசி வேன் ஓட்டுகிற வேலுவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ஷாஸியா போனில் அழுதாள். கடைக்குப் பின்னால் நீங்கள் வைத்த மின்சாரப் பெட்டியைத் திங்கட்கிழமை லாரியில் ஏற்றப்போகிறீர்களாம், பெட்டி செய்கிற உங்கள் சின்னக் கம்பெனியை இழுத்து மூடப்போகிறீர்களாம், சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம், பெண்டாட்டி பிள்ளையோடு அங்கேயே குடிபோகப்போகிறீர்களாம். என் பதில் ஒன்றுதான். பெட்டியைத் தர மாட்டேன்.

அது வந்த கதையை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஃபியூல் செல் என்று சொன்னீர்கள், உள்ளே ஹைட்ரஜன் போனால் வெளியே மின்சாரமும் சுடுதண்ணீரும் வரும், இரைச்சல் கிடையாது, புகை கிடையாது என்றீர்கள். மாநிலச் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது, இந்த மாதிரிப் பெட்டி தரும் மின்சாரத்தை வாங்கச் சொல்லி மின்சாரக் கம்பெனியை ஊக்குவிக்கப்போகிறார்கள் என்று லட்டு டப்பாவோடு வந்து நின்றீர்கள். "ஊக்குவிக்கிறதுன்னா வாங்கியே ஆகணுமா, மாப்பிள்ளை?" என்று அன்றைக்கே கேட்டேன். "அப்படி இல்ல மாமி, வாங்கினா நல்லதுன்னு சொல்றாங்க" என்றீர்கள். கடைக் கூரை ஒழுகுவதைச் சரிபண்ணச் சொல்லி உங்கள் மாமாவைக் கல்யாணமான நாளிலிருந்து நானும்தான் ஊக்குவிக்கிறேன். மழை பெய்தால் இன்னும் வாளிதான் வைக்கிறோம்.

பிடிக்காமல்தான் இடம் கொடுத்தேன். பக்கத்துப் பூக்கடைக் கஸ்தூரி வேறு, "ஹைட்ரஜன்னா பாம்தானே அக்கா, வெடிச்சா என் மல்லியெல்லாம் ஸ்கூடாய் முழுக்கப் பறக்கும் லா" என்று தினமும் பயங்காட்டினாள். ஆனால் பெட்டி ஓட ஆரம்பித்ததும் கழுவுகிற குழாயில் வெந்நீர் வந்தது. இத்தனை வருஷம் பச்சைத் தண்ணீரில் சட்டி கழுவி மரத்துப்போன என் விரல்கள் வலியில்லாமல் மடங்கின. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பிள்ளை. அதற்கு ஒரே ஒரு பழக்கம். வாரம் முழுக்கச் சமர்த்தாக ஓடும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கூவு கூவிவிட்டு நின்றுவிடும். நீங்களும் அரக்கப்பரக்க ஓடிவந்து, எதையெதையோ கழற்றி மாட்டி, காரணம் தெரியாமல் தலையைச் சொறிந்துவிட்டுச் சனிக்கிழமை மறுபடி ஓட்டிவிடுவீர்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. ஜோகூரில் வெள்ளிக்கிழமை லீவை எடுத்துவிட்டு ஞாயிறு ஆக்கியதைப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை, பாவம், மார்க்கப் பற்றுள்ள பெட்டி, பழைய வழக்கப்படி லீவு எடுக்கிறது என்றுதான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? பெட்டியைச் சோதிக்க மத்தியானம் வர வேண்டிய மின்சாரக் கம்பெனி அதிகாரி ரூபேந்திரன் ஸ்கூடாய் ஜாமில் மாட்டி, நாங்கள் அஸர் தொழுது முடித்து வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "பெட்டி ரொம்ப அழகா இருக்கே" என்றார். நீங்கள் அவரை முன்னால் உட்காரவைத்துப் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் எல்லா வெள்ளிக்கிழமையும் போலச் சாம்பிராணிச் சட்டியை எடுத்துக் கல்லாவுக்குக் காட்டி, அடுப்புக்குக் காட்டி, அரிசி மூட்டைக்குக் காட்டி, கடைசியாகப் பெட்டிக்கும் காட்டினேன். வந்த நாளிலிருந்து அதற்கும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அது மட்டும் என்ன பாவம் செய்தது? அன்று அதற்குப் பரீட்சை என்பதால் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, காற்றுப் போகிற ஓட்டை வழியாக உள்ளேயும் போகும்படி நன்றாக விசிறினேன். புகை அடங்கி நான் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பவும், நீங்கள் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வரவும், பெட்டி சிவப்பு விளக்குப் போட்டு அலறவும் சரியாக இருந்தது. "அலமாக்!" என்று ரூபேந்திரன் தே தாரிக் டீ கிளாசோடு காருக்கு ஓடினார். கஸ்தூரி பூக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமி, ஏன் நிக்குதுன்னே தெரியல" என்றபோது உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த மனுஷனோ கார்க் கண்ணாடியைக் கொஞ்சமாய் இறக்கி, "நம்பி வாங்க முடியாது சார், சட்டம் வாங்கலாம்னுதான் சொல்லுது, வாங்கணும்னு சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கண்ணேறுதான், வேறென்ன? நீங்கள் சனிக்கிழமை பெட்டியை ஓட்டிவிட்டுப் போனதோடு சரி, இந்தப் பக்கமே வரவில்லை.

இதற்குப் போய் மூட்டை கட்டுவதா? சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும். பெருநாளுக்கு வர்றோம்னு சொல்வாங்க, அப்புறம் பாலத்துல ஜாம்னு சொல்வாங்க, அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சைன்னு சொல்வாங்க. அஹ்னாஃப் என் மடியில் உட்கார்ந்து சீனி தொட்டு ரொட்டி சானாய் தின்கிறவன். அவனைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது, மாப்பிள்ளை. கெஞ்சவில்லை, சொல்லிவைக்கிறேன். திங்கட்கிழமை லாரி வரட்டும். பெட்டிக்கு முன்னால் ரொட்டி வீசுகிற மேசையைப் போட்டு அதன்மேல் நான் உட்கார்ந்திருப்பேன். என்னையும் சேர்த்து ஏற்ற முடிந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். மின்சாரக் கம்பெனி வாங்காவிட்டால் நானே வாங்கிக்கொள்கிறேன், என்னை எந்தச் சட்டமும் ஊக்குவிக்க வேண்டாம்.

உங்கள் ஆயுளையும் பிழைப்பையும் அல்லாஹ் ஜோகூருக்குள்ளேயே பரக்கத்தாக்கி வைப்பானாக. ஷாஸியாவுக்கு என் ஸலாம், அஹ்னாஃபுக்கு முத்தம், சிங்கப்பூருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அசையாத உங்கள் மாமி,
காதர் பீவி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் இன்று இன்னும் சாம்பிராணி காட்டவில்லை என்று ஞாபகம் வந்து, சட்டியோடு பின்னால் போனேன். வாயில் கொழுக்கட்டையோடு பிறந்த உங்கள் மாமா, "நீ பொக போட்டாத்தான் அது கூவுது, புள்ள" என்றார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன். "நீ கேக்கல" என்றார். அதைப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு கை அள்ளிப் போட்டு விசிறினேன். கூவியது. நின்றுவிட்டது. ஆகையால் ரூபேந்திரன் கண்ணேறு என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள், பெட்டியின் மார்க்கப் பற்றையும் அடித்துவிடுங்கள். பெட்டி மேலும் குறை இல்லை, உங்கள் மேலும் குறை இல்லை. ஆனாலும் சாம்பிராணிக்கு மயக்கம் போடுகிற மெஷின் என்ன மெஷினோ! ரூபேந்திரனுக்குப் போன் அடித்து, கிளாசைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். சிரித்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து மறுபடி பார்க்கிறேன் என்றார். சாம்பிராணிச் சட்டியைக் கஸ்தூரி கடையில் கொடுத்துவிட்டேன். இப்போது பெட்டி நிற்கிறது, குழாயில் தண்ணீர் ஜில்லென்று வருகிறது, மறுபடி ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். லாரி இல்லாம வாங்க, மாப்பிள்ளை. அஹ்னாஃபைத் தூக்கிட்டு வாங்க.