செக்போஸ்ட்டில் தீர்ந்துபோன ஒப்பாரி

நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள் என்றாவது வாயைத் திறந்தால், அது திறக்கக் கூடாத இடமாகத்தான் இருக்கும். நான் திறந்தது போலீஸ்காரர் முன்னால்.

பேத்துப்பாறையில் என் அக்கா இறந்த அன்று புயல் மழை. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் எங்கள் சனத்தில் எடுக்க மாட்டார்கள். பிறந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பூம்பாறையில் பூண்டு ஏற்றும் ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் அக்காவுக்கான ஒப்பாரியை மனசுக்குள் கட்டிக்கொண்டே வந்தேன். (எனக்குக் கூச்சமில்லாமல் வருவது அது ஒன்றுதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாமே.)

மரங்கள் விழுகின்றன என்று கொடைக்கானலுக்கு முன்னாலேயே ரோட்டை அடைத்திருந்தார்கள். ஒரு பஸ்ஸும் நின்றது. ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் போகிறவர்களை மட்டும் விடுவார்களாம்.

“இவங்க சாவு வீட்டுக்குப் போறாங்கய்யா,” என்றார் ஜீப்காரர்.

“வெள்ளனே இருந்து வர்ற வண்டிக்கெல்லாம் சாவுதான்யா,” என்ற போலீஸ்காரர் என் பக்கம் குனிந்தார். “ஆத்தா, நீங்க சொல்லுங்க. யாரு செத்தது?”

அக்கா என்று ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. தொண்டையில் தயாராக இருந்தது வந்துவிட்டது.

“கூடப் பொறந்த குயிலே, என்னைக் கூப்பிடாமப் போனியே...”

ஜீப்பிலிருந்து இறங்கி, தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டேன். எங்கள் பக்கம் ஒருத்தி ராகம் இழுத்தால் மற்றவள் சும்மா நிற்கக் கூடாது. பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சாவை நினைத்து அழுதார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து என் காதருகே வந்தார்.

“ஆத்தா, நான் அப்பவே தொறந்துட்டேன். இப்ப நீங்கதான் ரோட்டை அடச்சுக்கிட்டு இருக்கீங்க.”

எழுந்து ஜீப்புக்கு ஓடினேன்.

எடுப்பதற்குள் போய்விட்டேன். கோடியைப் போர்த்தி, அக்கா முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிவிட்டது.

“கூடப் பொறந்தவளுக்கு ஒரு சத்தம் வரலையே,” என்றாள் அக்காவின் நாத்தனார், எல்லாருக்கும் கேட்கும்படி.

“அதெல்லாம் செக்போஸ்ட்லயே முடிஞ்சுருச்சுங்க,” என்றார் வாசலில் நின்ற ஜீப்காரர். அழுதுகொண்டிருந்த அக்கா மகள், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

இப்போதும் மழைக்கு ரோட்டை அடைத்தால் அவளிடமிருந்து போன் வரும். “சித்தி, எங்கயும் கெளம்பிராதீங்க. இருக்குற அழுகையப் போலீஸ்கிட்ட எறக்கிட்டு வெறும் வாயோட வருவீங்க.”

நானும் சேர்ந்து சிரிப்பேன். போலீஸ்காரர் சொன்னதும் பாதியில் எழுந்து ஓடினேன் இல்லையா, மீதிப் பாட்டு அப்படியே இருக்கிறது. அதை அவளிடம் சொன்னதில்லை.