முப்பத்தேழு ஜெஃப்சிகள்

"இது ஜெஃப்சி இல்ல, டெரிக். ஜெஸ்ஸி" என்றாள் தேவாலய அலுவலகத்தில் உடன் உதவும் பெரில், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

டெரிக் பிளிசெட் தட்டச்சை நிறுத்தினார். துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தேவாலயத்தின் இருநூறு வருடத்து ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சம்பளம் கிடையாது. பெருமை மட்டும் உண்டு.

"நடுவுல எஃப் போட்டிருக்கே?"

"அது எஃப் இல்ல. அந்தக் காலத்துல ரெண்டு எஸ் சேர்ந்து வந்தா முதல் எஸ்ஸை நீட்டி எழுதுவாங்க, பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றார் டெரிக். தெரியாது.

இதுவரை முப்பத்தேழு ஜெஃப்சிகளை ஏற்றியிருந்தார். அதோடு விட்டாரா? 'ஜெஃப்சி: நம் ஊருக்கே உரிய பெயர்' என்று தேவாலயப் பத்திரிகையில் இரண்டு பக்கக் கட்டுரை வேறு. டச்சு மாலுமிகள் கொண்டுவந்த பெயராக இருக்கலாம் என்று அதில் ஓர் ஊகம்.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று நினைத்த நேரம் பாதிரியார் ஹிலரி அம்மையார் உள்ளே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை பர்கிஸ் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம், டெரிக். பேரு என்ன தெரியுமா? ஜெஃப்சி."

பெரிலுக்குத் தேநீர் புரையேறியது.

அறுபத்தெட்டு வயதில் ஒரு பச்சைக் குழந்தையின் தலையில் எழுத்துப்பிழையைக் கட்டிவிட்டோமே என்று டெரிக்குக்கு உறைத்தது. அன்று மாலையே ஒரு எலுமிச்சை கேக்கை வாங்கிக்கொண்டு பர்கிஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். இடுப்பில் குழந்தையோடு தாய் வந்து நின்றாள். உண்மையைச் சொல்லத்தான் போனார். வாய் திறந்ததும் மானம் குறுக்கே வந்தது.

"குழந்தைக்கு வேற பேரு யோசிக்கலாமேன்னு..."

அவள் கேக் பெட்டியைப் பார்த்தாள். "எங்க மாமியார் அனுப்பினாங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

"பெட்டியில அவங்க கடைப் பேரு போட்டிருக்கு, சார்."

கதவு சாத்தப்பட்டது.

சரி, மாமியாரிடம் விளக்கிவிடுவோம் என்று மறுநாள் ரொட்டிக் கடைக்குப் போனார். "நான் யார் பக்கமும் இல்ல, மிஸஸ் பர்கிஸ். அந்தப் பேரு சரியில்ல, அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லுங்க! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று அந்த அம்மாள் இன்னொரு கேக்கைக் காசு வாங்காமல் கையில் திணித்தாள். மதியத்துக்குள் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம், தேவாலயமே அந்தப் பெயருக்கு எதிர்ப்பு என்று செய்தி போய்விட்டது. அதைக் கேள்விப்பட்ட மருமகள், ஞானஸ்நான உடையின் நெஞ்சிலேயே 'ஜெஃப்சி' என்று நீல நூலில் தைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் கூட்டம் இடப்பக்கம், மருமகள் கூட்டம் வலப்பக்கம். நடுவில் உட்கார டெரிக்குக்கு மட்டும் இடம் இருந்தது.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?" என்று தொட்டியருகே நின்று ஹிலரி கேட்டதுதான் தாமதம், டெரிக் எழுந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க. அப்படி ஒரு பேரே கிடையாது. நான் எஸ்ஸை எஃப்னு படிச்சிட்டேன். டச்சு மாலுமியெல்லாம் என் கற்பனை. என் கட்டுரையை நம்பி நீங்க இந்தப் பேரை வச்சுட்டீங்க. இந்த ஊரையே ஏமாத்தின முட்டாள் நான்."

பெரில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குழந்தையின் தகப்பன் அன்று காலைதான் கப்பலிலிருந்து இறங்கியிருந்தான். இறுக்கமான கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவன், மனைவியைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவன் டெரிக் பக்கம் திரும்பி மரியாதையாகவே கேட்டான்:

"எந்தக் கட்டுரை, சார்? என் பேரு ஜெஃப், இவ பேரு சிசிலி, ரெண்டையும் ஒட்டி வச்சோம்."