உட்காரச் சொன்ன பன்னிரண்டு வாரம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கல்லீரலில் இன்னும் நாலு விரற்கடை கொழுப்பு ஏறட்டும்.

விஸ்கான்சினில் டுவேன் என்றொரு பஸ் டிரைவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். கல்லீரலில் கொழுப்பு, அதன் புண்ணியத்தில் நுரையீரல் ரத்தக்குழாய்களும் தளர்ந்து விரிந்துவிட்டன. படுத்தால் சுகம், நின்றால் மூச்சு வாங்கும். நடந்தால் சரியாகுமா என்று ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வார ஆய்வு. பாதிப் பேர் நடக்க வேண்டும். மீதிப் பேர் பழையபடி உட்கார்ந்திருக்க வேண்டும். டுவேனுக்கு வாய்த்தது நாற்காலி.

வாசலில் அதே ஆய்வுக்கு வந்த ஆர்லீன் புது ஓட்டக் காலணியோடு நின்றாள். மனைவி போய்ச் சேர்ந்த ஆறு வருஷத்தில் அவனைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"நீங்களும் நடக்கிற குழுவா?" என்றாள்.

"பின்னே? உட்கார்ற மூஞ்சியா இது?"

"அப்போ நாளைக்கு ஏழு மணி, மால்ல."

கடைகள் திறக்குமுன் மாலுக்குள் தினமும் எட்டுச் சுற்று.

"மூச்சு சரியாச்சுன்னா சனிக்கிழமை போல்கா ஆடணும் டுவேன். ஜோடிதான் இல்ல."

டுவேன் மூச்சு வாங்க ஒன்பதாவது சுற்றுக்கும் கிளம்பினான்.

உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்க ஆஸ்பத்திரி கொடுத்த, காலடி எண்ணும் பட்டையை நாயின் காலில் மாட்டிவைத்தான். அது நாளெல்லாம் தூங்கும் நாய். அன்றைக்கென்று அணிலைப் பார்த்துவிட்டது.

நர்ஸ் பாவோ போன் செய்தாள். "பதினாலாயிரம் அடியா? உங்கள உட்காரத்தானே சொன்னோம்!"

பட்டையை ஃபிரிட்ஜில் சீஸுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டு நாள் ஓர் அடிகூட இல்லை. மாலிலிருந்து திரும்பினால், ஆம்புலன்ஸ்காரர்கள் கதவை உடைத்து அவன் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"குப்பை போடப் போனேன்பா."

"ரெண்டு நாளாவா?"

கடைசி வாரம் பரிசோதனை. குமிழி கலந்த உப்புநீரைக் கை நரம்பில் ஏற்றினார்கள். முதல் தடவை விரிந்த குழாய்கள் வழியே இதயத்தின் இடப்பக்கம் வரை கூட்டமாய்ப் பாய்ந்த குமிழிகளில், இம்முறை ஒன்றுகூட நுரையீரலைத் தாண்டவில்லை.

"உட்கார்ந்தே சரியாயிடுச்சா?" என்றாள் பாவோ.

டுவேன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "என்னை ஆய்வுலேருந்து தூக்கிடுங்கம்மா. ஆர்லீனை ஒண்ணும் சொல்லாதீங்க. நாளையோட ஆய்வு முடியுது. அப்புறம் அவ எதுக்கு நடக்க வரப்போறா?"

பாவோ ஃபைலை மூடினாள்.

"காலையில அவங்களும் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்து அழுதாங்க. அவங்களும் உட்கார்ற குழுதான் சார். பட்டை பன்னிரண்டு வாரமா பூனை கழுத்துல இருந்துச்சாம்."